நூறு ஆட்டத்துக் காசு

நாச்சிமுத்து போனில் போக்கர் சீட்டு ஆடி யாரைத் தோற்கடித்தாலும், அந்த ஆள் மறுநாள் காலையில் எங்கிருந்தாவது வந்து குழாயடியில் உட்கார்ந்துகொள்வது வழக்கமாகிப் போன பிறகு, அங்கமுத்துவின் லைன் வீட்டுப் பெண்கள் குடங்களை ஒரு முழம் தள்ளி வைக்கப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான். திருப்பூரில் ஒரே கூரையின் கீழ் அறைகளை வரிசையாகக் கட்டி, நடுவே ஒரு குழாயும் கடைசியில் இரண்டு கக்கூஸும் வைத்து வாடகைக்கு விட்டால் அதற்கு லைன் வீடு என்று பெயர். அங்கே ராமநாதபுரத்துக்காரர் வருவார், ஒடிசாக்காரர் வருவார், யார் எதற்கு வந்தார் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். வந்தவர்கள் செருப்பில்லாமல் வந்தார்கள், யாரையும் திட்டவில்லை, எதையும் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் அங்கமுத்து மட்டும் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, இனி தண்ணீர்க் காசு ஆள் கணக்குக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது அவன் ஆடியது ஐம்பது ரூபாய் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஊர் ஊராக ஆயிரம் பேர் ஆளுக்கு ஐம்பது ரூபாய் கட்டி அவரவர் போனில் உட்காருவார்கள், சிப்ஸ் என்கிற ஆட்டக் காசு தீர்ந்தவன் வெளியே போவான், கடைசியில் மிஞ்சுகிறவனுக்குப் பெரும்பங்கு. நாச்சிமுத்து பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், துணியை வீணாக்காமல் வெட்டத் தெரிந்தவன், அதே நிதானத்தில் சீட்டையும் ஆடினான். அவன் வெளியே அனுப்பியவர்கள் திங்கட்கிழமை விடியலில் வந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்லிக்கொண்டு, அவன் மனைவி கோகிலவாணி கொடுக்கும் டீயைக் குடித்து முடிக்கிற வரை இருந்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்த கையோடு மறைந்து போனார்கள். அவன் தோற்ற வாரங்களில் அவன் கதையும் அதுதான். பல் விளக்கிக்கொண்டிருந்தவன் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு மறைந்துபோய், யார் வீட்டு ஏலக்காய் வாசனையையோ வாயில் வைத்துக்கொண்டு திரும்பி வருவான்.

"சக்கரை கொஞ்சம் தூக்கல்," என்பான் மனைவியிடம். "நல்ல சனம் மாதிரிதான் தெரியுது."

அவனிடம் ஒரு சட்டம் இருந்தது, அதைப் பற்றி அவனுக்குப் பெருமையும் இருந்தது. கையில் நூறு ஆட்டத்துக்குக் காசு இருந்தால்தான் பெரிய ஆட்டத்துக்கு ஏறுவது, ஐம்பது ஆட்டத்துக்குக் குறைந்தால் மறு பேச்சில்லாமல் கீழே இறங்கிவிடுவது. ஆசைப்பட்டு ஏறி அழிந்தவர்களை அவன் நிறையப் பார்த்திருந்தான், அதனால் வீட்டுச் சம்பளத்தில் ஒரு பைசா தொடாமல், ஜெயித்த காசை மட்டும் தனியாகச் சேர்த்து, சேர்ந்த பிறகு ஐந்நூறு ரூபாய் ஆட்டத்துக்குப் போனான். காசைப் பற்றிய மட்டில் அந்தச் சட்டத்தில் ஓட்டையே கிடையாது. ஆனால் அது காசை மட்டும்தான் எண்ணியது.

ஐந்நூறு ரூபாய் ஆட்டத்தில் தோற்று வந்தவர்கள் டீயோடு போகவில்லை. அடுத்த சனிக்கிழமை சம்பளம் போடுகிற நேரம் வரை குழாயடியிலேயே இருந்தார்கள், பசித்தால் சாப்பிட்டார்கள், கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாமல் விரல்களை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். எதிரே பவர்டேபிள் என்கிற மோட்டார் மெஷின்கள் போட்டுத் தையல் யூனிட் நடத்திய குப்புராஜ் அந்த விரல்களைத்தான் முதலில் பார்த்தான். ஒரு திங்கட்கிழமை ஆளுக்கொரு சின்னக் கத்தரியும் ஒரு கட்டு டீசர்ட்டும் கொடுத்துப் பார்த்தான், அவர்கள் குனிந்த தலை நிமிராமல் நூல் பிசிரை வெட்டித் தள்ளினார்கள். கூலி கேட்கவில்லை, பீடிக்கு எழுந்து போகவில்லை. அந்த வாரமே அவன் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிப் போட்டான், வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டினான், தினமும் பன்னும் டீயும் கொடுத்தான், தானம் செய்கிறவனைப் போல முகத்தையும் வைத்துக்கொண்டான். லைன் வீட்டுக்காரர்களுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் பங்குக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கவும் குடம் நிரப்பவும் ஆள் கிடைத்தது.

பிறகு நாச்சிமுத்து தோற்றான். திங்கள் காலையில் மறைந்தவன் சனிக்கிழமைதான் வந்தான். அவன் மறைந்த அதே நேரத்தில், தோற்பதற்கு முன் அவன் தோற்கடித்து அன்று விடியலில் வந்திருந்தவர்கள் சனிக்கிழமைக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டதைக் குழாயடியில் எல்லோரும் கண்டார்கள். கொண்டு வந்தவன் அதே தொகை ஆட்டத்தில் தோற்றால் வந்தவனுக்கு விடுதலை என்று அப்போது புரிந்தது. திரும்பி வந்த அவன் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன, கண்ணைக் கசக்கவும் முடியவில்லை.

"மொளகா காம்பு கிள்ளச் சொன்னாங்க," என்றான். "எந்த ஊருன்னு தெரியல. நான் வேண்டாம்னு சொல்லோணும்னு பாக்கறேன், வாய் வரல புள்ள."

கோகிலவாணி அவன் விரல்களுக்கு வெண்ணெய் தடவி விட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே பயம்.

அதற்குப் பிறகு ஒருநாள், ஐந்நூறு ரூபாய் ஆட்டமொன்றில் நன்றாக ஆடியதற்கு ஐயாயிரம் ரூபாய் ஆட்டத்துக்கு இலவச டிக்கெட் ஒன்று அவனுக்குக் கிடைத்தது, இலவசம்தானே, சட்டம் ஒன்றும் உடையவில்லையே என்று அவன் போய் உட்கார்ந்தான், யாரையும் சீண்டாமல் ஓரமாகவே ஒதுங்கி ஒதுங்கி ஆடி, கடைசியில் எதிரே மிஞ்சிய ஒரே ஆளைத் தோற்கடித்து ஜெயித்தும்விட்டான். அந்த ஆள் திங்கட்கிழமை வந்தார். தூத்துக்குடிக்காரர், பெயர் இருதயராஜ், மகள் பெயர் ஜெனிட்டா. முன்கையில் அந்தப் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். சனிக்கிழமை வந்தது, அவர் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. பஸ் ஏற்றி அனுப்பினார்கள், பஸ் பல்லடம் தாண்டுவதற்குள் அவர் குழாயடியில் கத்தரியோடு உட்கார்ந்திருந்தார். போகப் போக வீடு இருக்கிற தெரு மறந்தது, பிறகு தன் பெயர் மறந்தது. ஒருநாள் தண்ணீர் பிடிக்க வந்த கோகிலவாணி ஏதாவது வேண்டுமா என்று கேட்டபோது முன்கையைக் காட்டினார்.

"யம்மா, இதுல ஒரு பேரு எழுதியிருக்கே. இது யாரும்மா?"

அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குப்புராஜ் மட்டும் நிரந்தரமாக ஒரு ஆள் கிடைத்ததில் மனம் நிறைந்து, இருதயராஜுக்கு மெத்தை தைத்த நாற்காலி வாங்கிக் கொடுத்து, நாச்சிமுத்துவைப் பார்க்கும்போதெல்லாம் தோளில் கை போட ஆரம்பித்தான்.

"இன்னும் ஒரு நாலு பேரு இப்படிக் கெடச்சா நானே எக்ஸ்போர்ட் பண்ணிருவேன் மாப்ள. மேல போ. தெறமசாலிக்கு ஐநூறு ரூவா ஆட்டத்துல என்ன வேல?"

இருதயராஜின் மனைவி சகாயமேரி தகவல் கேட்டு வந்து சேர்ந்தாள். கணவன் அவளை யாரோ தண்ணீர் பிடிக்க வந்தவள் என்று நினைத்து நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். அவள் அழவில்லை, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் வெட்டிப் போட்ட நூல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து தான் ஜெயித்த பணம் முழுவதையும் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான்.

"பிள்ளைக்குப் பீஸ் கட்டணும், வாங்கிக்கிடுதேன்," என்றாள் அவள். "ஆனா அண்ணே, இதுக்கு இவர நான் உங்களுக்கு வித்துட்டதா நெனச்சிராதிய. நீங்க அந்த ஆட்டத்துல தோத்தா இவரு எந்திரிச்சிருவாருன்னு சொல்லுதாவ. ஒரு தடவ தோத்துக் குடுங்க."

"தோத்தா இவரு எங்க போவாருங்க?" என்று கோகிலவாணி கேட்டாள்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான் இருந்தது, ஒருத்தியின் பயம் தீர்ந்தால் இன்னொருத்தியுடையது ஆரம்பிக்கும்.

பணத்தைக் கொடுத்த பிறகு நாச்சிமுத்து ஐம்பது ரூபாய் ஆட்டத்துக்கு இறங்கிவிட்டான். ஐந்நூறுக்குப் போதுமான காசு அவன் கணக்கில் இருந்தது, இருந்தும் இறங்கினான். யார் கேட்டாலும் சட்டத்தைச் சொன்னான், நூறு ஆட்டத்துக்குச் சேரட்டும் என்றான், அவசரப்பட்டு ஏறினால் அழிவு என்றான். தூத்துக்குடியிலிருந்து போன் வந்தாலும் அதையே சொன்னான். கோகிலவாணிக்குத் தெரியும், அது சட்டமில்லை, மழைக்கு ஒதுங்கியவன் கூரை. அந்தக் கூரை நிற்கட்டும் என்றுதான் அவளும் சாமி கும்பிட்டாள், வேண்டிக்கொண்ட கையோடு இருதயராஜுக்குச் சோறு கொண்டு போய்க் கொடுத்தாள், கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் இருதயராஜ், என்ன வேணும் என்று கேட்ட நாச்சிமுத்துவிடமும் முன்கையைக் காட்டினார். இது யாரு என்று அவனிடமும் கேட்டார். அவன் சொன்னான். மறுநாளும் கேட்டார், மறுநாளும் சொன்னான். அதற்கப்புறம் அவன் ஐந்நூறு ரூபாய் ஆட்டத்துக்குத் திரும்பி, ஆடி போய் ஆவணி போய், ஒரு வாரம் மறைந்தும் மறு வாரம் வந்தும், விரலில் ஒருமுறை சுண்ணாம்பு அரித்தும் ஒருமுறை மீன் நாற்றம் அடித்தும், தோற்பதற்கு ஒரு ஆட்டத்துக் காசு போதும் என்று தெரிந்தும் சட்டத்தை விடாமல், ஐயாயிரம் ரூபாய் ஆட்டம் நூறுக்கு ஆகிற காசைச் சேர்த்தான். சேர்ந்த அன்று லைன் வீட்டில் யாரோ கேசரி கிண்டினார்கள். கோகிலவாணி அதை வாயில் வைக்கவில்லை.

"போகாதீங்க மாமா," என்றாள். "எனக்குப் பயமா இருக்குதுங்க."

"எனக்கும்தான்," என்றான் நாச்சிமுத்து. "வந்து பக்கத்துல உக்காரு."

அந்த ஞாயிறு மத்தியானம் அவள் அவன் தோளோடு தோள் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு ஏஸ் வந்தது, சீட்டில் அதற்கு மேல் ஒன்று கிடையாது, அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டான். இன்னொருத்தரைத் தோற்கடித்துக் கூட்டி வந்து குப்புராஜிடம் கொடுக்க அவனுக்கு மனமில்லை என்று அவளுக்கு விளங்கியது. பிறகு ஒன்றுக்கும் ஆகாத இரண்டு சீட்டு வந்தபோது, எதிரே சைலண்ட் ராஜா என்ற பெயரில் ஒருவன் நிறையக் காசு கட்டியிருக்க, நாச்சிமுத்து தன்னிடம் இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினான்.

"அந்தப் பேர நல்லாப் பாத்து வெச்சுக்க வாணி," என்றான். "அவன்கிட்டத்தான் இருப்பேன். நீ மெதுவா வா. நூறு ஆட்டத்துக்குச் சேராம மட்டும் மேல வந்துறாத."

திங்கள் காலை குழாயடியில் இருதயராஜ் கத்தரியைக் கீழே வைத்தார், முன்கையைப் பார்த்தார், "ஜெனிட்டா" என்று தெளிவாகப் படித்தார், முகம் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குக் காசு கேட்டார். அவர் கேட்டதைக் கோகிலவாணி உள்ளேயிருந்து கேட்டாள். பக்கத்தில் பாய் மட்டும் கிடந்தது.

அதன் பிறகு அந்தப் போனில் அவள் ஆடினாள். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்ததில் சீட்டு தெரிந்திருந்தது, மாமன் சொன்ன சட்டமும் தெரிந்திருந்தது. அவனுடைய காசைத் தொடாமல், தன் கையிலிருந்து கொஞ்சம் போட்டு, ஐம்பது ரூபாய் ஆட்டத்திலேயே ஆரம்பித்தாள். ஜெயித்தால் டீ போட்டாள். தோற்றால் அவளே போனாள். யார் யாருடைய வாசலிலோ, மலையடிவாரத்தில் ஒருநாள், ரயில் சத்தம் கேட்கிற வீட்டில் ஒருநாள், கையில் சூடான டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா என்று கேட்க நினைப்பாள், வாய் திறக்காது. வந்தவர்கள் கேட்டால்தான் பேச முடியும், தானாகப் பேச முடியாது என்பதை அவள் அப்படித்தான் கண்டுகொண்டாள்.

ஞாயிறுதோறும் ஐயாயிரம் ரூபாய் ஆட்டத்தில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தாள். சைலண்ட் ராஜா இல்லை. தீபாவளிக்கு இல்லை, கார்த்திகைக்கு இல்லை, பொங்கலுக்கும் இல்லை. அந்த ஆள் வராத வரை நாச்சிமுத்து வரப்போவதில்லை. இருதயராஜுக்கு எது எந்த வரிசையில் மறந்தது என்று அவளுக்கு மனப்பாடம், இந்நேரம் தெரு போயிருக்கும், இந்நேரம் பெயர் போயிருக்கும் என்று குழம்பு தாளிக்கும்போதுகூட மனம் கணக்குப் போட்டது.

"நீ மேல போ அம்மிணி," என்றான் குப்புராஜ், காலி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டே. "கீழயே இருந்தா எப்புடி அவனப் புடிப்ப?"

லைன் வீடு முழுக்க அதையே சொன்னது. ஐந்நூறு ரூபாய் ஆட்டம் நூறுக்கு அவளிடம் காசு சேர்ந்தும்விட்டது, சட்டப்படி ஏற வேண்டியதுதான். ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் அந்தப் பட்டன் மேல் விரலை வைத்தாள். வைத்தவள் அழுத்தவில்லை, ஏனென்றால் பயந்துபோன ஒரு மனுஷன் எங்கே போய் ஒளிவான் என்று அவளுக்கு அப்போது நினைவு வந்தது; தன் வீட்டுக்காரனே ஒளிந்து காட்டியிருந்தான். ஐம்பது ரூபாய் ஆட்டத்தின் பெயர்களைக் கீழே வரை தள்ளிப் பார்த்தாள், கடைசிப் பக்கம் வரை இதுவரை அவள் போனதில்லை. சைலண்ட் ராஜா அங்கே இருந்தான்.

அவன் மேசைக்கு அவள் போய்ச் சேர மூன்று நான்கு ஞாயிறுகள் ஆயின. அவன் பயந்து பயந்து ஆடினான், அவள் அவனைவிடப் பயந்து ஆடினாள், கடைசியில் இரண்டு ராஜாச் சீட்டுகளை வைத்துக்கொண்டு அவள் எல்லாவற்றையும் தள்ள, அவன் வெளியே போனான்.

திங்கட்கிழமை விடியலில் குழாயடியில் வழுக்கை விழுந்த, மெலிந்த ஒருவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். அவள் டீ கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, சொம்பையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எந்த ஊருங்க?"

"பண்ருட்டி பக்கங்க. ஞானவேலு."

"உங்க ஊட்டு வாசல்ல ஒருத்தரு இருக்காருங்களா?"

"இருக்காருங்க. முந்திரி ஒடைக்கிறாரு. எங்க ஊர்ல எல்லாருக்கும் அதான் வேல. தோலு எண்ணெ பட்டுக் கையெல்லாம் கருத்துப் போச்சு. நான் வேணாம்னுதான் சொன்னேன், ஊர்க்காரங்க குடுத்துட்டாங்க."

"பேரு சொல்றாருங்களா?"

ஞானவேல் டம்ளரைப் பார்த்தார். "அவரு பேரு அவருக்குத் தெரியலைங்க. என்ன கேட்டாலும் வாணி வாணின்னு மட்டும் சொல்லிட்டு இருந்தாரு. பொங்கலுக்கு அப்பறம் அதுவும் சொல்றதில்ல."

டீ முடிந்தால் அவர் போய்விடுவார். டம்ளர் பாதி இறங்கும்போதே அவள் மறுபடி ஊற்றினாள், அவசரத்தில் பாதி அவர் வேட்டியில் கொட்டியது.

"பெரிய ஆட்டத்துக்கு ஏன் போகலீங்க?"

"நூறு ஆட்டத்துக்குக் காசு சேரணுமில்லைங்களா."

"சேரலீங்களா?"

"எப்பவோ சேந்துடுச்சுங்க," என்றார். "தெனமும் அவரு பக்கத்துலதான் சாப்புடுறேன். அந்தக் கையப் பாத்துட்டு எப்படிங்க போவேன்? நான் தோத்தா அவரு எந்திரிப்பாரு, சரி. என்னை யாருங்க கூப்புடுவா? எனக்குப் பொண்டாட்டி செத்துப் போச்சு, பேர் பாத்து வெச்சுக்கக்கூட ஊட்ல ஆளில்ல."

கோகிலவாணி மறுபடி ஊற்றினாள். தண்ணீருக்கு வந்த பெண்கள் குடங்களோடு நின்றுவிட்டார்கள், குழாய் திறந்து ஓடிக்கொண்டிருந்தது, யாரும் மூடவில்லை.

"நான் பாத்து வெச்சுக்கறனுங்க," என்றாள். "நீங்க யாருகிட்டத் தோக்கறீங்களோ அந்தப் பேர. நான் மேல வரமாட்டேன். அம்பது ரூவா ஆட்டத்துலயேதான் இருப்பேன், எத்தன காசு சேந்தாலும். உங்களப் புடிச்சவனும் உங்களத் தெனமும் பாப்பானில்லீங்களா, பாத்துப் பாத்துப் பயந்து ஒருநாளைக்கு இங்கதான் எறங்கி வருவான். வந்தா என்ற கையால டீ குடிக்காமப் போக முடியாது."

ஞானவேல் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு டீயை ஒரே மடக்கில் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

அடுத்த ஞாயிறு ஐயாயிரம் ரூபாய் ஆட்டத்தில் சைலண்ட் ராஜா சேர்ந்திருந்தான். கோகிலவாணி ஆட்டத்தில் சேராமல் போனில் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். லைன் வீடு மொத்தமும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது, குப்புராஜும் நின்றான். வெயில் சாய்வதற்குள் சைலண்ட் ராஜாவின் இடம் காலியானது. தோற்கடித்தவன் பெயர் லக்கி பிரதர். அவள் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், மறந்துவிடுமோ என்ற பயத்தில் அரிசி களையும்போதும் சொன்னாள், படுக்கும்போதும் சொன்னாள்.

காலையில் அவள் குடத்தோடு போனபோது குழாயடியில் ஒரு ஆள் முழங்கை வரை கருத்த கைகளைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். கறை போகவில்லை. அவள் அருகில் போகப் பயந்து நின்றாள்.

"வாணி," என்றான் நாச்சிமுத்து, திரும்பாமலே. "நூறு ஆட்டத்துக்குச் சேந்துருச்சா?"

"சேந்துச்சுங்க," என்றாள் அவள். "நான் போகல."

அவனைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்து, அந்தக் கைகளைத் தன் மடியில் வைத்துச் சத்தமில்லாமல் அழுது முடித்து, அடுப்பில் டீ வைத்தாள். அந்த வாரமும் ஞாயிறு வந்தது. அவன் சுவரோரம் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்க, அவள் போனை எடுத்து ஐம்பது ரூபாய் கட்டிவிட்டு, பெயர்களைக் கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்த்தாள்.

"யாரத் தேடற?" என்று கண் விழித்த நாச்சிமுத்து கேட்டான்.

"ஒருத்தன் பயந்துட்டானான்னு பாக்கறேன்," என்றாள் கோகிலவாணி. லக்கி பிரதர் இன்னும் இறங்கி வரவில்லை.